பேரிங்கைக் கேட்கும் காதால் கதையையும் கேட்கலாம்

ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்புக்குப் பக்கத்தில் மூத்த ஃபிட்டர் ஒருவர், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அரை நிமிடம் அவர் பேசமாட்டார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். பிறகு நிமிர்ந்து, "கிரீஸ் காஞ்சிருக்கு" என்பார்; அல்லது "பால் போயிடுச்சு, அடுத்த ஷட்டவுன்ல மாத்திடணும்" என்பார். வைப்ரேஷன் மீட்டர் வந்த பிறகும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. சுற்றிலும் காதைப் பிளக்கும் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரே ஒரு ஒலியைப் பிரித்தெடுத்து, அதன் பொருளைச் சொல்லிவிடுகிற வித்தை அது.

எழுத ஆசைப்படும் ஆலைத் தொழிலாளர்களைக் கேட்டால், முதலில் வரும் குறை "அமைதியான இடம் கிடைக்கலை" என்பதாகவே இருக்கும். வீட்டில் டிவி, விடுதி அறையில் நாலு பேர், ஆலையில் மெஷின், ரயிலில் கூட்டம். குறை நியாயமானது. ஆனால் இடம் அமைதியானால் எழுத்து தானாக வந்துவிடும் என்பது நம்பத் தகுந்ததில்லை. ஃபிட்டரின் அந்த அரை நிமிடத்தை மனிதர்கள் பக்கம் திருப்பத் தெரிந்தவருக்கு இரைச்சலுக்கு நடுவிலேயே கதை கிடைக்கும். அதைப் பழகுவது எப்படி என்று பார்ப்போம்.

நம்மைச் சுற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்பகுதியை ஒரு எழுத்தாளரின் கண்ணோடு பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகள், வார்ப்பாலைகள், ரசாயன ஆலைகள். கொஞ்சம் தள்ளி தேர்வாய்கண்டிகை. திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. மீஞ்சூரை ஒட்டி, 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட வல்லூர் அனல் மின் நிலையம். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். அதற்கும் கிழக்கே, 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம். இன்றைய பெயர் காமராஜர் துறைமுகம். இவற்றுக்கு நடுவே கொசஸ்தலை ஆறு, சாம்பல் குட்டைகள், மீனவக் குப்பங்கள், பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்கள், வடக்கே பழவேற்காடு ஏரி.

இத்தனை பேரையும் ஏற்றி இறக்குகிறது கும்மிடிப்பூண்டி லோக்கல். ஒரே பெட்டிக்குள் எத்தனை பேச்சு என்று எண்ணிப் பாருங்கள். "இன்னா", "தபா" என்று விழும் வடசென்னைத் தமிழ். ஆந்திர எல்லையிலிருந்து வருகிறவர்களின் தெலுங்கு. பீகார், ஒடிசா, வங்கத் தொழிலாளர்களின் மொழிகள். கும்மிடிப்பூண்டி முகாமில் பல்லாண்டுகளாக வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் இழுத்துப் பேசும் இனிய தமிழ். சூப்பர்வைசரிடம் ஒரு குரலும் வீட்டுக்குப் போன் செய்யும்போது இன்னொரு குரலுமாகப் பேசும் ஆட்களும் அதே பெட்டியில்தான். நாவலாசிரியர் ஒருவர் ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியது, உங்களுக்கு சீசன் டிக்கெட் விலையில் கிடைக்கிறது.

வேலை பார்த்துக்கொண்டே கேட்டவர்கள்

தமிழில் முழுநேர எழுத்தாளர்கள் சொற்பம். நம் பெரிய பெயர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள். லா.ச.ராமாமிர்தம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் பணியாற்றினார். ஓசைக்காகவே உரக்கப் படிக்கத் தோன்றும் உரைநடை அவருடையது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். நாஞ்சில் நாடன் மும்பையிலும் பிறகு கோவையிலும் தனியார் நிறுவன ஊழியர்.

அசோகமித்திரன் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. ஆள் சும்மா உட்கார்ந்து பேப்பரைக் கிழிக்கிறார் என்று நினைத்த பலரும் அவருடைய அறைக்குள் நுழைந்து நீளமாகப் பிரசங்கம் செய்துவிட்டுப் போவார்களாம். இதை அவரே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். எரிச்சல்பட்டு எல்லோரையும் விரட்டியிருந்தால் அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் சினிமாத் தொழிலின் பின்கட்டில் உழலும் மனிதர்களைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ராஜம் கிருஷ்ணன் வேறு வகை. எழுத எடுத்துக்கொண்ட மக்களிடமே போய்த் தங்கி, பழகி, பேச்சைக் கேட்டு எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' அப்படி வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் அவசியம் படிக்க வேண்டிய நாவல். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி.செல்வராஜ், தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது வழக்கறிஞருக்குத் தொழில். அந்தக் காதே நாவலாசிரியருக்கும் உதவியது.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவி, டூரின் நகருக்கு அருகில் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ரசாயனராக இருந்தார். 1978இல் வெளியான அவருடைய நாவல் ஒன்றில் நாயகன், நாடு நாடாகப் போய் கிரேன்களையும் பாலங்களையும் எழுப்பும் ரிக்கர். அவர் தன் வேலை அனுபவங்களைச் சொல்லிக்கொண்டே போக, ரசாயனரான கதைசொல்லி உட்கார்ந்து கேட்கிறார். நாவல் முழுக்க இதுதான் நடக்கிறது. அடுத்த ஆண்டு இத்தாலியின் மதிப்புமிக்க ஸ்ட்ரேகா விருது அதற்குக் கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் எத்தனை ரிக்கர்கள், எத்தனை ரசாயனர்கள்!

முதல் வேலை: காதைக் காப்பாற்றுங்கள்

கேட்பதைப் பற்றிப் பேசும்போது காதை மறந்துவிடக் கூடாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு வகுத்த உச்சவரம்பு 90 டெசிபல். அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பது 85 மட்டுமே. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. அதனால் அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 88 டெசிபலில் 4 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

மீட்டர் இல்லாமலே அறிய ஒரு வழி உண்டு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே இயர் பிளக்கோ இயர் மஃபோ இல்லாமல் நிற்காதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், ஆலை மருத்துவரிடம் சொல்லி ஆடியோமெட்ரி சோதனை செய்துகொள்ளுங்கள். போன செவித்திறன் திரும்பி வராது.

இயர் பிளக்கில் எழுத்தாளருக்கு ஒரு கூடுதல் ஆதாயம் இருக்கிறது. சரியாகப் பொருத்திக்கொண்டால் வெளி ஓசை அடங்கும். உங்கள் மூச்சும் தாடை அசைவும் எச்சில் விழுங்குவதும் உள்ளே பெரிதாகக் கேட்கும். அடுத்த பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது: பதிலை நிறுத்துங்கள்

ஒருவர் பேசும்போது நம் மனம் என்ன செய்கிறது? பாதி வாக்கியத்திலேயே பதிலைத் தயாரிக்கிறது. "இவனுக்கு இதே வேலை" என்று தீர்ப்பு சொல்கிறது. "எனக்கும் இப்படித்தான் ஒருநாள்" என்று நம் கதையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வெளியே மெஷின் நின்ற பிறகும் உள்ளே ஓயாமல் ஓடுவது இதுதான். இது கொஞ்சம் அடங்கினால்தான் எதிராளியின் சொல் முழுசாக உள்ளே வரும். மன அமைதி என்று பெரிய வார்த்தையில் சொல்வது, எழுத்தாளரின் அன்றாடத்தில் இவ்வளவுதான்.

இதற்கு மலையேறவோ விடுப்பு எடுக்கவோ வேண்டாம். நம் ரயில் பாதையில் உள்ள திருவொற்றியூருக்கு, வள்ளலார் ஏழுகிணறு வீட்டிலிருந்து நடந்தே வந்து போவார். எழுத்தறியும் பெருமான் என்று அழைத்து அங்குள்ள இறைவனுக்குப் பாமாலையும் பாடினார். பட்டினத்தாரின் சமாதியும் அதே ஊரில்தான். ஊருக்கு நடுவிலேயே மனத்தை அடக்கிய மனிதர்களின் தடம் பதிந்த வழியில்தான் நாம் தினமும் வேலைக்குப் போய் வருகிறோம்.

பழகும் முறை எளிது:

1. உணவு இடைவேளையில் சாப்பிட்டு முடித்ததும் 5 நிமிடம் ஒதுக்குங்கள். ஓய்வறையில் முதுகை நேராக்கி உட்காருங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை.

2. மூச்சு உள்ளே போய் வெளியே வருவதை மட்டும் கவனியுங்கள். அதை நீட்டவோ அடக்கவோ முயல வேண்டாம்.

3. மனம் சூப்பர்வைசரிடமோ இ.எம்.ஐ.யிடமோ ஓடிப்போகும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். திட்டிக்கொள்ளாதீர்கள். ஓடுவதும் திரும்புவதும்தான் பயிற்சி.

4. கடைசி ஒரு நிமிடம், சுற்றிக் கேட்கும் ஓசைகளைப் பெயர் சொல்லாமல் கேளுங்கள். "ஃபோர்க்லிஃப்ட்", "எக்ஸாஸ்ட் ஃபேன்" என்று மனம் முத்திரை குத்தும் முன் அந்த ஓசை எப்படி இருக்கிறது? மேலே ஏறுகிறதா, இறங்குகிறதா, விட்டுவிட்டு வருகிறதா?

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மெஷினை இயக்கும்போதோ, கன்ட்ரோல் ரூமில் போர்டு பார்க்கும்போதோ, வண்டி ஓட்டும்போதோ இந்தப் பயிற்சி கூடாது. அங்கே உங்கள் கவனம் முழுக்க வேலைக்குச் சொந்தம்.

மூன்றாவது: மூன்று அடுக்காகக் கேளுங்கள்

மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு, காதை மூன்று அடுக்குகளில் பழக்கலாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரம் ஓசை. ஆலைக்கு ஆலை ஓசை மாறும். உருட்டாலையில் இரும்புப் பாளம் உருளைக்குள் நுழையும் அதிர்வு ஒரு வகை. கன்வேயரில் நிலக்கரி சரியும் உரசல் இன்னொரு வகை. பிரஸ் ஷாப்பில் தாளம் தவறாத அடி வேறு வகை. உங்கள் பணியிடத்துக்கே உரிய மூன்று ஓசைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். 'பயங்கர', 'காதைச் செவிடாக்கும்' போன்ற தேய்ந்த சொற்களுக்குத் தடை.

இரண்டாம் வாரம் பேச்சு. ஒருவர் என்ன சொன்னார் என்பதோடு எப்படிச் சொன்னார் என்பதையும் பிடியுங்கள். மேஸ்திரி ஒரு நாளில் எத்தனை முறை "பாத்துக்கலாம்" என்கிறார்? ஒப்பந்தத் தொழிலாளி யாரையெல்லாம் "சார்" என்கிறார், யாரை "ண்ணா" என்கிறார்? ஒடிசா இளைஞர் தமிழ் கற்றுக்கொள்ளும்போது அவருக்கு முதலில் வந்த சொற்கள் என்னென்ன? கம்பெனி பஸ்ஸில் பெண்கள் பகுதியில் ஞாயிறு ஓ.டி. பற்றி என்ன குரலில் பேச்சு நடக்கிறது? கரிசல் காட்டுப் பேச்சைப் பல்லாண்டுகள் கேட்டுச் சேர்த்த கி.ராஜநாராயணன், அதற்கென்று ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தார். பொன்னேரி–கும்மிடிப்பூண்டிப் பேச்சுக்கு உங்கள் நோட்டில் நாலு பக்கமாவது சேரட்டும்.

மூன்றாம் வாரம் பேசாதது. ஒருவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்? எதைக் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவுகிறார்? விபத்து நடந்த பிரிவைக் கடக்கும்போது யாருடைய குரல் தாழ்கிறது? கதை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். பழகாத காதுக்கு இது அகப்படாது. பதில் சொல்லத் துடிக்கும் மனத்துக்கு அறவே அகப்படாது.

திருக்குறளின் அதிகார வரிசை இங்கே நினைவுக்கு வருகிறது. கல்வி, கல்லாமை, அடுத்ததாகக் கேள்வி, அதன் பிறகுதான் அறிவுடைமை. படிப்பு குறைந்தவருக்கும் கேள்விச் செல்வம் உண்டு என்பது வள்ளுவர் கட்சி. ஐ.டி.ஐ. முடித்தவன் இலக்கியம் எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் 42ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரு காட்சி, இரண்டு விதமாக

கேட்ட காது எழுத்தில் என்ன செய்யும் என்பதற்குக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. இரவு 10 மணி. பி ஷிஃப்ட் முடிந்து சி ஷிஃப்டுக்குப் பொறுப்பு மாறுகிறது. மூத்த ஆபரேட்டருக்கு அன்றுதான் கடைசி நாள். அவசரமாக எழுதினால் இப்படி வரும்:

"முப்பதாண்டுகள் உழைத்த ஆலையை விட்டுப் பிரியும் வேதனையில் அவர் மனம் கனத்தது. கண்கள் குளமாயின. கனத்த இதயத்துடன் விடைபெற்றார்."

கேட்டு எழுதினால்:

"மூணாவது பம்ப் லேசா மொணங்குது. நான் பாத்துகினேன். நீயும் ஒரு தபா காது வெச்சிடு, தம்பி" என்றார்.

"சரிண்ணா."

"லாக் புக்ல எழுதிட்டேன்."

"பாத்தேண்ணா."

"அப்ப நான் கிளம்புறேன்." ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். "சரி, கிளம்புறேன்."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"அந்த பைபாஸ் வால்வு டைட்டா இருக்கும். ரெண்டு கையாலயும் புடி" என்றார். அது போன மாசமே மாற்றிய வால்வு.

முதல் வடிவத்தில் எழுத்தாளர் வேதனை என்று சொல்லிவிடுகிறார். வாசகருக்கு வேலை இல்லை. இரண்டாவதில் அந்தச் சொல்லே கிடையாது. இரண்டு முறை கிளம்புகிறேன் என்றவர் கிளம்பவில்லை. வால்வை மாற்றியது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நிற்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு குறிப்புகளும் கண்ணீர் செய்யாத வேலையைச் செய்துவிடுகின்றன. இவை கற்பனையில் உதிப்பதைவிடக் காதில் விழுவதே அதிகம்.

நான்காவது: குறிப்பு நோட்டும் ஷிஃப்ட் கணக்கும்

கேட்டது அன்றிரவே மங்கத் தொடங்கும். பேச்சின் கருத்து தங்கும், சொற்கள் போய்விடும். ஆகவே சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான பகுதிகள் உள்ள ஆலைகளில் கைபேசிக்குத் தடை இருக்கும் என்பதால் நோட்டுதான் தோது. டீ இடைவேளையிலோ ரயிலிலோ நாலு வரி போதும்: ஓர் ஓசை, சொன்னபடியே ஒரு பேச்சு, ஒரு கேள்வி. விளக்கம் வேண்டாம்.

எழுதும் நேரத்தை ஷிஃப்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

- காலை 6 மணி ஏ ஷிஃப்ட் வாரம்: பிற்பகல் குட்டித் தூக்கத்துக்குப் பிறகு அரை மணி. புதிதாக எழுத ஏற்ற வாரம் இது.

- பிற்பகல் 2 மணி பி ஷிஃப்ட் வாரம்: காலையில், வீட்டு வேலையும் பிள்ளைகளின் பள்ளிப் பரபரப்பும் அடங்கிய பின் முக்கால் மணி. எழுதியதைத் திருத்த ஏற்ற வாரம்.

- இரவு 10 மணி சி ஷிஃப்ட் வாரம்: எழுத வேண்டாம். பகலில் முடிந்தவரை தூங்குங்கள். குறிப்பு மட்டும் எடுங்கள். தூக்கம் கெட்ட மனம் எதையும் கேட்காது.

- ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள்: காலை ரயிலில் கேளுங்கள், மாலை ரயிலில் எழுதுங்கள். சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே சுமார் 48 கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தால் ஒரு பக்கம் தாராளமாக எழுதலாம்.

வேலை முடிந்து வந்து சமையலையும் பார்க்கும் பெண்களுக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு அரை மணி எங்கிருந்து வரும் என்பது வீட்டிலுள்ள மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மனைவி எழுதுகிறார் என்றால் இரவுப் பாத்திரங்களை யார் கழுவுவது என்று இன்றே பேசி முடியுங்கள்.

வேலைக்கும் இது லாபமா?

லாபம்தான். ஷிஃப்ட் மாறும்போது சொல்லப்படுவதை முழுசாகக் கேட்டு, தெளிவாக எழுதி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகறிந்த பாடம் பைப்பர் ஆல்ஃபா. 1988 ஜூலை 6 அன்று, பிரிட்டனை ஒட்டிய வடகடலில் இருந்த அந்த எண்ணெய்–எரிவாயு மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பம்ப்பை ஓட விட்டார்கள்.

கதைக்காகக் காதைப் பழக்கியவர் லாக் புக்கிலும் வித்தியாசமாக எழுதுவார். "பம்ப் சத்தம்" என்று முடிக்காமல், "3ஆம் பம்ப், ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பின் விட்டுவிட்டு உரசல் சத்தம், லோடு ஏறினால் கூடுகிறது" என்பார். மயிரிழையில் தப்பிய விபத்துகள் பற்றிய அறிக்கை, டூல்பாக்ஸ் பேச்சு, புதியவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு என்று ஆலைக்குள்ளேயே எழுதத் தெரிந்தவருக்கு வேலை நிறைய. பாதுகாப்புப் பிரிவுக்கோ பயிற்சிப் பிரிவுக்கோ மாற நினைப்பவர்கள் இந்தத் திறமையைத் தங்கள் விண்ணப்பத்தில் தயங்காமல் குறிப்பிடலாம்.

சக ஊழியர்களோடு உறவும் மாறும். குறுக்கிடாமல் கேட்கும் ஆளைத் தேடி வந்து பேசுவார்கள். அதனாலேயே பொறுப்பும் கூடுகிறது.

தாண்டக் கூடாத கோடுகள்

- நம்பிச் சொன்ன ரகசியம் கதைப்பொருள் ஆகாது. கதைக்கு வேண்டுமென்றால் கேட்டு அனுமதி வாங்குங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

- பெயர், ஊர், பிரிவு, உடல் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் ஆலைக்குள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

- ஒளித்து வைத்து ஒலிப்பதிவு செய்யாதீர்கள். காதும் நோட்டும் போதும்.

- உற்பத்தி முறை, வாடிக்கையாளர் விவரம், உள்ளே எடுத்த படம் ஆகியவை வேண்டாம். பணி நியமனக் கடிதத்திலும் நிறுவனத்தின் நடத்தை விதிகளிலும் வெளியில் எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பொதுத்துறை ஊழியர்களுக்கு இது கட்டாயம்.

- மற்றவர் பேச்சை எழுதும்போது கேலி நுழையாமல் பாருங்கள். வட இந்தியத் தொழிலாளியின் உடைந்த தமிழும் குப்பத்து மீனவரின் பேச்சும் சிரிப்புக்கான சரக்கு அல்ல.

முடித்த பிறகு

முதல் பிரதியை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியத்தைத் திருத்துங்கள். அடுத்து, அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரரான ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துப் படித்தால் போதும். "நாங்க இப்படியா பேசுவோம்?" என்று அவர் கேட்டால், வாதாட வேண்டாம், எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போராடவும் தேவையில்லை. 1975இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும், அதற்கு முன்பே பொதுவுடைமைத் தலைவர் ஜீவா காலத்தில் உருவான தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றமும் மாவட்டங்கள்தோறும் அமைப்பு உள்ளவை. பக்கத்துக் கிளையில் எப்போது கூட்டம் என்று விசாரித்து, முதல் இரண்டு கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் படைப்பைக் கேளுங்கள். 'செம்மலர்', 'தாமரை' ஆகியவை உழைப்பாளர் எழுத்துக்கு நெடுங்காலம் இடம் கொடுத்த இதழ்கள். 'காலச்சுவடு', 'உயிர்மை', 'ஆனந்த விகடன்' போன்றவற்றையும் முயலலாம். அனுப்பும் முன் அந்த இதழின் இரண்டு மூன்று பிரதிகளையாவது நூலகத்தில் வாசித்து, என்ன அளவில், என்ன தொனியில் கதை போடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலே போகலாம். அதற்காகக் காத்திருக்காமல் நோட்டைப் புரட்டி அடுத்த கதையைத் தொடங்குங்கள். சி ஷிஃப்ட் வாரமாக இருந்தால் மட்டும், முதலில் தூங்கி எழுந்திருங்கள்.